உங்களுக்குத் தெரியுமா? பழைய லினக்ஸ் கணினியில் படம் வரைவது யார்?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. டைப் அடிக்கலாம், மெயில் பார்க்கலாம். ஆனால் விண்டோவைப் பிடித்து இழுத்தால் தயங்கித் தயங்கி வருகிறது. யூடியூப் வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறது. "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் கணினிகள் இந்த ஒரு காரணத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போவது வேதனையான விஷயம். பல நேரங்களில் குறை வயதில் இல்லை. கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலையே போய்ச் சேராமல், அதன் சுமையையும் சிபியுவே சுமந்துகொண்டிருக்கும். உங்கள் திரையில் படத்தை வரைவது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

● முழு ஹெச்டி திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 தடவை புதுப்பித்தால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் நொடிக்குச் சுமார் 50 கோடி பைட். இதுவும் திரையை ஒரே ஒரு தடவை நிரப்பும் கணக்குதான். ஒன்றின்மேல் ஒன்றாக விண்டோக்கள், அவற்றுக்கு நிழல், பின்னணியில் மங்கல் என்று சேரச் சேர அதே புள்ளியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டிவரும். இதற்கென்றே செய்த சிப்புக்கு இது பெரிய வேலை இல்லை. இரண்டு கோர் உள்ள பழைய சிபியுவோ திணறிவிடும்.

● யார் வரைகிறார்கள் என்று ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். உபுண்டு, டெபியன், மின்ட் என்றால் 'மெசா-யுடில்ஸ்' என்ற பேக்கேஜை நிறுவி, டெர்மினலில் 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் 'ஓபன்ஜிஎல் ரெண்டரர்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் சிப் வேலையில் இருக்கிறது. 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் சிபியுதான் எல்லாவற்றையும் வரைகிறது.

எல்எல்விஎம்பைப் வந்தால் அதே வரியில் 128 பிட் அல்லது 256 பிட் என்றும் இருக்கும். சிபியு ஒரே வீச்சில் எவ்வளவு கையாளுகிறது என்பது அது. ஏவிஎக்ஸ் வசதி இல்லாத பழைய சிபியுக்களில் 128தான் வரும். அப்படிப்பட்ட சிபியுவில் எல்எல்விஎம்பைப் ஓடினால் சுமை இன்னும் கூடும்.

● லினக்ஸில் முப்பரிமாணப் படம் வரையும் பொறுப்பு மெசா என்ற மென்பொருளுடையது. பிரையன் பால் 1993இல் அதை எழுதத் தொடங்கினார். முதல் வெளியீடு 1995 பிப்ரவரியில். அன்று அது முழுக்க முழுக்க சிபியுவைக் கொண்டே வரைந்தது. கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கான டிரைவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. பொருத்தமான டிரைவர் கிடைக்காதபோது மெசா இன்றும் சிபியு வழிக்கே திரும்பிவிடும். பல டெஸ்க்டாப்களில் பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ எதுவும் வராது. கணினி மெதுவாகிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். சின்னமன் டெஸ்க்டாப் மட்டும் வன்பொருள் முடுக்கம் இல்லாமல் ஓடுவதாக ஓர் அறிவிப்பு காட்டும். மற்ற டெஸ்க்டாப்களும் இதைப் பின்பற்றினால் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

● பற்சக்கரங்கள் சுழலும் 'ஜிஎல்எக்ஸ்கியர்ஸ்' ஒரு வேக அளவுகோல் இல்லை. நல்ல டிரைவர் மானிட்டரின் வேகத்துக்குக் கட்டுப்பட்டு நொடிக்கு 60 என்று காட்டும். அந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் சிபியு வரைந்தால்கூட நூற்றுக்கணக்கில் எண் வரும். அந்த எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

● சிப் வேலை செய்யாமல் இருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படும் காரணம் 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல். லினக்ஸ் நிறுவும்போது திரை கறுத்துப்போனால், கெர்னலுக்கு இந்தச் சொல்லைக் கொடுக்கச் சொல்வார்கள். திரை வந்துவிடும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம்.

உள்ளே நடப்பது இதுதான். திரையின் அளவையும் புதுப்பிக்கும் வேகத்தையும் கெர்னலே நேரடியாக அமைக்கும் முறை 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பிலிருந்து, முதலில் இன்டெல் சிப்புகளுக்கு, நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில பதிப்புகளில் ரேடியானும், என்விடியா கார்டுகளுக்கான நோவோவும் சேர்ந்துகொண்டன. நோமோட்செட் கொடுத்தால் "அதைச் செய்யாதே" என்று கெர்னலிடம் சொல்கிறோம். உடனே இன்டெல், ரேடியான், நோவோ டிரைவர்கள் மூன்றும் ஒதுங்கிக்கொள்ளும். டிரைவர் இல்லாவிட்டால் சிப்பை யாரும் தொட முடியாது. மெசா எல்எல்விஎம்பைப்புக்குப் போய்விடும். லினக்ஸ் மின்ட்டின் தொடக்க மெனுவில் உள்ள 'கம்பாட்டிபிலிட்டி மோட்', உபுண்டுவின் 'சேஃப் கிராஃபிக்ஸ்' இரண்டும் கொடுப்பது இதே சொல்லைத்தான். அந்த ஒரு தடவைக்கு மட்டும் தேவைப்பட்ட அவசர உதவி, நிறுவிய கணினியிலும் தங்கிவிடுவது உண்டு.

இப்போதும் இருக்கிறதா என்று தெரிய, 'புராக்' கோப்புறையில் உள்ள 'சிஎம்டிலைன்' கோப்பைத் திறந்து பாருங்கள். இருந்தால் அவசரப்பட்டு நிரந்தரமாக நீக்க வேண்டாம். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டிருந்தால் கிரப் மெனு வரும். அதில் 'இ' கீயை அழுத்தி, அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு ஒரு தடவை துவக்கிப் பாருங்கள். திரை ஒழுங்காக வந்தால், 'இடிசி' கோப்புறையில் 'டிஃபால்ட்' என்பதற்குள் இருக்கும் 'கிரப்' கோப்பிலும் எடுத்துவிட்டு, 'அப்டேட்-கிரப்' கட்டளையைக் கொடுத்துவிடலாம். கறுப்புத் திரை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கணினியை அணைத்துப் போட்டால் பழைய நிலையிலேயே வரும்.

● தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் வேகம் கூடவில்லையா? கணினியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டின் விஜிஏ துளையில் செருகியிருக்கலாம்.

● 'இடிசி' கோப்புறையில் 'எக்ஸ்11' என்பதற்குள் 'எக்ஸ்ஆர்க்.கான்ஃப்' என்று ஒரு கோப்பு இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். திரையைக் கையாளும் இன்றைய எக்ஸ் சர்வர் அந்தக் கோப்பு இல்லாமலேயே எல்லாவற்றையும் தானாகக் கண்டறிந்துகொள்ளும். முன்பு எப்போதோ வேறு கார்டுக்காக எழுதிய கோப்பில் 'வெசா' என்ற அடிப்படை டிரைவர் குறிப்பிடப்பட்டிருந்தால், கார்டை மாற்றிய பிறகும் எக்ஸ் சர்வர் அதற்கே கட்டுப்படும். கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்துவிட்டுத் துவக்கிப் பாருங்கள்.

● ரேடியான் கார்டுகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்புகளும் வேண்டும். அவை இல்லையென்றால் திரை வரும், முடுக்கம் வராது. இந்தக் கோப்புகள் சுதந்திர மென்பொருள் அல்ல என்பதால் டெபியன் நீண்ட காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அந்த நிலையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை நிறுவல் வட்டிலேயே வருகின்றன. கொள்கையை விட்டுக்கொடுத்ததாகச் சிலர் வருந்தினார்கள். கையில் பழைய கார்டை வைத்துக்கொண்டு புதிதாக லினக்ஸுக்கு வருகிறவரை நினைத்தால் அது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. அதற்கு முந்தைய டெபியனை வைத்திருப்பவர்கள் 'ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராஃபிக்ஸ்' பேக்கேஜைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

● எண் பெரிதாக இருந்தால் சிப் புதிது என்று நினைக்காதீர்கள். இன்டெல் ஜி31 மதர்போர்டில் இருக்கும் ஜிஎம்ஏ 3100 பெயரில்தான் புதியது. உள்ளே 945ஜி போர்டின் ஜிஎம்ஏ 950 வகையறாவைச் சேர்ந்த மூன்றாம் தலைமுறை அமைப்புதான். இரண்டிலும் உருவங்களின் முனைகளைக் கணக்கிடும் பகுதி வன்பொருளில் கிடையாது. அந்த வேலை சிபியுவுக்கே போகிறது. அடுத்து வந்த ஜி41 போர்டின் எக்ஸ்4500 உண்மையிலேயே புதிய தலைமுறை. கடையில் ஒன்று சேர்த்துக் கொடுத்த பழைய கணினிகளில் ஜி31, ஜி41 இரண்டும் சாதாரணமாகக் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லினக்ஸில் இரண்டுக்கும் டிரைவரே வேறு.

● 2022இல் வந்த மெசா 22.0 பதிப்பில் பழைய பாணி டிரைவர்கள் பல நீக்கப்பட்டன. முதல் தலைமுறை ரேடியான்களும் என்விடியாவின் மிகப் பழைய கார்டுகளும் அதோடு வெளியே போயின. அவற்றைத் தொலைத்துவிடக் கூடாது என்று 'ஆம்பர்' என்ற தனிக் கிளையில் பாதுகாத்திருக்கிறார்கள். உபுண்டு, டெபியன் இரண்டிலும் அதைத் தனிப் பேக்கேஜாக நிறுவலாம். ஜி41 முதல் ஹாஸ்வெல் வரையான இன்டெல் சிப்புகளுக்கு 'குரோக்கஸ்' என்ற புது டிரைவர் 2021இலேயே தயாராகிவிட்டது. ஆகவே கணினியை மேம்படுத்தியவுடன் திடீரென்று வேகம் குறைந்தால், உங்கள் சிப் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்ப்பது முதல் வேலை.

● இன்டெலின் பழைய எக்ஸ் டிரைவருக்கு 3.0 பதிப்பு வரவே இல்லை. அதற்கான முன்னோட்டமாக 2014 டிசம்பரில் 2.99.917 வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. டெபியனும் உபுண்டுவும் 2016இல் புதிய தலைமுறை இன்டெல் சிப்புகளை 'மோட்செட்டிங்' என்ற பொது டிரைவருக்கு மாற்றிவிட்டன. இது இருபரிமாண வேலையையும் ஓபன்ஜிஎல் வழியாகவே செய்கிறது. அந்த வழியில் ஓடுவதற்கான திறன் 945ஜி, ஜி31 போன்ற மூன்றாம் தலைமுறைச் சிப்புகளில் இல்லை. அவற்றுக்கு முற்றுப்பெறாத அந்தப் பழைய இன்டெல் டிரைவரே இன்றும் நல்லது. சாண்டி பிரிட்ஜ், ஐவி பிரிட்ஜ் காலத்துக் கணினி என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்து, எது மென்மையாக ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். படம் குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் தெரியும் குறைக்குப் பழைய டிரைவரில் 'டியர்ஃப்ரீ' என்ற விருப்பம் இருக்கிறது. அது கொஞ்சம் கூடுதல் நினைவகம் கேட்கும்.

● என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய விஷயம் வேறு. கார்டுக்கு என்று ஒரு கடிகார வேகம் உண்டு. கணினி தொடங்கும்போது அது குறைந்த வேகத்தில் இருக்கும். விளையாட்டோ வீடியோவோ வந்தால் டிரைவர் அதை உயர்த்த வேண்டும். என்விடியாவின் சொந்த டிரைவர் அதைத் தானாகச் செய்கிறது. தன்னார்வலர்கள் எழுதிய நோவோ டிரைவர் பழைய கார்டுகளில் அப்படிச் செய்வதில்லை. கார்டு எந்த வேகத்தில் விழித்ததோ அதிலேயே நாள் முழுவதும் கிடக்கும். ரெண்டரர் வரியில் கார்டின் பெயர் சரியாகத் தெரியும், ஆனால் வேகம் வராது.

கெப்ளர் தலைமுறையில், அதாவது ஜிடி 710 போன்றவற்றில், வேகத்தைக் கையால் உயர்த்த முடியும். கெர்னலின் 'டிபக்' கோப்புறைக்குள் 'டிஆர்ஐ' என்பதன் அடியில் 'பிஸ்டேட்' என்ற கோப்பு இருக்கும். அதைப் படித்தால் கார்டுக்கு எத்தனை வேகப் படிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் சிப்பும் நினைவகமும் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று தெரியும். மேலான படியின் குறியீட்டை ரூட் உரிமையோடு அதே கோப்பில் எழுதினால் கார்டு அந்த வேகத்துக்கு மாறும். சில கார்டுகள் இதில் உறைந்துபோவதும் உண்டு. ஆகவே திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். அடுத்த தடவை தொடங்கும்போது பழைய வேகத்துக்கே போய்விடும் என்பதால் கார்டுக்கு நிரந்தரமாக எதுவும் ஆகாது. ஃபெர்மி தலைமுறையான ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைகளில் இந்த வழி பலிக்காது. 900 வரிசையின் பெரும்பாலான கார்டுகளிலிருந்து என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் வேகத்தைத் தொடவே முடியாதபடி செய்துவிட்டார்கள். தன் காசில் வாங்கிய கார்டின் வேகத்தை மாற்ற அதன் சொந்தக்காரருக்கே வழியில்லாமல் செய்தது நியாயமே இல்லை.

● அப்படியானால் என்விடியாவின் சொந்த டிரைவரே போட்டுவிடலாமே? போடலாம், காலக்கெடு முடியாமல் இருந்தால். ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு 304 டிரைவர், அதற்கான ஆதரவு 2017 இறுதியில் முடிந்தது. 8, 9, 200, 300 வரிசைகளுக்கு 340, அது 2019 இறுதியில் முடிந்தது. 400, 500 வரிசைகளுக்கு 390, அது 2022இல் முடிந்தது. 600, 700 வரிசைகளில் பெரும்பாலானவற்றுக்கு 470, அதுவும் 2024இல் முடிந்தது. ஆதரவு முடிந்த டிரைவர் புதிய கெர்னலோடு ஒட்டாது. ஆர்வலர்கள் தைத்துக் கொடுக்கும் ஒட்டுகளை நம்பித்தான் ஓட்ட வேண்டும். பழைய நீண்டகால ஆதரவு கெர்னலோடு ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருப்பது இதைவிட அமைதியான வழி.

இன்னொன்று, எக்ஸ்11க்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வு 340, 390 டிரைவர்களோடு ஒழுங்காக ஓடாது. லாகின் திரையில் எக்ஸ்11 அமர்வைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல், ரேடியான்காரர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம்.

● 2002இல் வெளிவந்த கார்டு ரேடியான் 9700. அந்தக் குடும்பத்துக்கான ஆர்300 டிரைவரை 20 ஆண்டு கழிந்த பிறகும் மெசாவில் மேம்படுத்திக்கொண்டிருந்தார்கள். உற்பத்தி செய்த நிறுவனம் எப்போதோ கைகழுவிய பொருளை, காசு எதிர்பார்க்காமல் சிலர் இன்னும் கவனித்துக்கொள்கிறார்கள். திறந்த மூலத்தின் அருமையை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

● ரேடியான் ஹெச்டி 7750, 7850, 7970, ஆர்7 240 போன்ற கார்டுகளுக்குக் கெர்னலில் இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன. ஒன்று பழைய 'ரேடியான்', மற்றது புதிய 'ஏஎம்டிஜிபியு'. நீண்ட காலமாகத் தானாக வந்தது பழையதுதான். புதியதற்கு மாற்றினால்தான் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் இடைமுகம் வேலை செய்யும். பல விளையாட்டுகளுக்கு அது அவசியம். கெர்னல் 6.19 முதல் இந்தக் கார்டுகளுக்கும் புதியதே இயல்பாக வரும்படி மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய கெர்னல் என்றால் தொடக்க விருப்பங்களில் பழைய டிரைவரின் ஆதரவை அணைத்து, புதியதன் ஆதரவை இயக்க வேண்டும்.

● கம்பாசிட்டரை அணைத்தாலே பாதிக் குறை போய்விடும் கணினிகள் உண்டு. விண்டோக்களுக்கு நிழலும் ஒளி ஊடுருவலும் தருவது அதுதான். எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்ற இடத்தில் அதற்கு ஒரு டிக் பெட்டி இருக்கிறது. கேடிஇயில் எக்ஸ்11 அமர்வில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். நோம் 3 டெஸ்க்டாப்பில் அணைக்கவே முடியாது, அதன் அமைப்பே அப்படி. ஜி31 போர்டில் நோம் ஓட்டுவது கணினிக்கும் கொடுமை, உங்களுக்கும் கொடுமை. எக்ஸ்எஃப்சிஇக்கோ எல்எக்ஸ்கியூடிக்கோ மாறிவிடுங்கள்.

● வீடியோ திக்கினால் அது வரைவதில் உள்ள குறையாக இல்லாமலும் இருக்கலாம். சுருக்கப்பட்ட வீடியோவை விரிப்பது தனி வேலை, சிப்பில் அதற்குத் தனிப் பகுதி உண்டு. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜின் அந்தப் பகுதிக்கு 2003இல் வந்த ஹெச்.264 தெரியும். 2013இல் வந்த விபி9 தெரியாது. 2018இல் வந்த ஏவி1 பற்றிக் கேட்கவே வேண்டாம். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது பின்னால் வந்த இந்த இரண்டையும்தான். சிப்புக்குத் தெரியாத வடிவத்தை சிபியுதான் விரிக்க வேண்டும், அங்கேதான் திக்குகிறது.

தீர்வு எளிது. 'ஹெச்264இஃபை' என்ற ஆட்-ஆனை பிரவுசரில் சேர்த்தால், யூடியூபிடம் ஹெச்.264 மட்டுமே கேட்டு வாங்கும். 1080 வரை கிடைக்கும், பழைய மானிட்டருக்கு அது தாராளம். அதோடு, வீடியோ விரிப்பைச் சிப்பிடம் ஒப்படைக்கும் சரியான விஏ-ஏபிஐ டிரைவரும் வேண்டும். பிராட்வெல்லுக்கு முந்தைய இன்டெல் சிப்புகளுக்கு 'ஐ965' என்ற பெயரில் வருவதை நிறுவுங்கள். 'இன்டெல்-மீடியா' என்று வருவது பிராட்வெல்லுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உரியது. 'விஏஇன்ஃபோ' கட்டளை கொடுத்தால் உங்கள் சிப்புக்கு எந்த வடிவங்கள் தெரியும் என்ற பட்டியல் வரும். இன்டெல் கணினிகளில் ஃபயர்ஃபாக்ஸ் இதை 2023 ஜூலையில் வந்த 115 பதிப்பு முதல் தானாகவே பயன்படுத்துகிறது. கணினியில் சேமித்த படங்களுக்கு எம்பிவி பிளேயர் நல்ல தேர்வு. அதில் வன்பொருள் விரிப்பை மட்டும் நாமே இயக்க வேண்டும்.

● அதே ரேடியான் கார்டு உபுண்டுவில் ஹெச்.264 வீடியோவை லாகவமாக ஓட்டும், ஃபெடோராவில் சிபியுவைச் சூடாக்கும். காரணம் காப்புரிமை. 2022இல் ஃபெடோரா தன் மெசா பேக்கேஜிலிருந்து அந்த வசதியை எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தில் 'ஃப்ரீவேர்ல்ட்' என்ற பெயரில் உள்ள மாற்றுப் பேக்கேஜைப் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

● ஃபயர்ஃபாக்ஸின் ஹெல்ப் மெனுவில் 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்து, 'கம்பாசிட்டிங்' என்ற வரியைப் பாருங்கள். 'வெப்ரெண்டர்' என்று மட்டும் இருந்தால் சிப் உதவுகிறது. பக்கத்தில் 'சாஃப்ட்வேர்' என்றும் இருந்தால் சிபியுதான். வெப்ரெண்டருக்கு ஓபன்ஜிஎல் 3 தரம் வேண்டும். ஜி41 வரையான இன்டெல் சிப்புகளுக்கு அந்தத் தரம் கிடையாது, அங்கே இதைத் திருத்த முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

● கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டிலோ சிபியுவிலோ இருந்தால், அதன் நினைவகம் உங்கள் ரேம்தான். டிடிஆர்3-1333 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 10.6 ஜிபி போய்வரும். இரண்டு ஸ்டிக்கைச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 21 ஜிபிக்கு மேல். சிபியுவும் சிப்பும் அந்த ஒரே பாதைக்குப் போட்டி போடுவதால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 4 ஜிபி ஒற்றை ஸ்டிக் இருக்கிறதா? அதே வகையில் இன்னொன்றைப் பழைய பாகங்கள் விற்கும் கடையில் தேடி வாங்கிப் போடுங்கள். பழைய இன்டெல் டெஸ்க்டாப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

● பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் ரேமை 32 எம்பியிலிருந்து 256 எம்பிக்கு உயர்த்தினால் வேகம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் லினக்ஸின் இன்டெல் டிரைவர் தேவையானதைத் தேவையானபோது ரேமிலிருந்து எடுத்துக்கொள்கிறது. உயர்த்தினால் மற்ற வேலைகளுக்கான ரேம்தான் குறையும்.

● 'இன்டெல்_ஜிபியு_டாப்', 'ரேடியான்டாப்' என்று இரண்டு சிறு கருவிகள் இருக்கின்றன. வீடியோ ஓடும்போது இவற்றைப் பக்கத்தில் திறந்து வைத்தால் சிப்பின் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று நேரலையாகத் தெரியும். சிப் சும்மா இருக்கிறது, சிபியுவும் சும்மா இருக்கிறது, ஆனாலும் எல்லாம் இழுக்கிறது என்றால் குறை கிராஃபிக்ஸில் இல்லை. ரேம் நிரம்பி ஹார்டு டிஸ்கில் வழிந்துகொண்டிருக்கும். இசட்ரேம் போட்டால் ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிப் பயன்படுத்திக்கொள்ளும். ஃபெடோரா 2020இல் வந்த 33 பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே தருகிறது.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். ஹீட்சிங்கில் தூசி அடைத்து, பேஸ்ட் காய்ந்துபோன சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'சென்சார்ஸ்' கட்டளை வெப்பநிலையைக் காட்டும்.

● மருந்தே இல்லாத நோயும் ஒன்று உண்டு. ஜிஎம்ஏ 500, ஜிஎம்ஏ 3600 என்ற பெயர்கள் இன்டெலுடையவை. உள்ளே இருப்பதோ இமேஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. சில ஆட்டம் போர்டுகளில் இவை வந்தன. கெர்னலில் உள்ள டிரைவர் திரையை அமைத்துத் தரும், முப்பரிமாண முடுக்கம் தராது. கம்பாசிட்டர் இல்லாத டெஸ்க்டாப்பும் குறைந்த ரெசல்யூஷனும்தான் கதி. 1280 × 720க்கு இறக்கினால் முழு ஹெச்டியில் பாதிக்கும் குறைவாக, 9,21,600 புள்ளிகளே வரைய வேண்டியிருக்கும்.

● கடைசி வழி வேறு கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆனாலும் ஆன்லைனில் ஆனாலும், ஜிடி 730 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அதே பெயரில் 96 கோர் உள்ள ஃபெர்மி கார்டும் 384 கோர் உள்ள கெப்ளர் கார்டும் விற்கப்பட்டன. முதலாவதற்கு 390 டிரைவர், இரண்டாவதற்கு 470. ஜிடி 1030லும் இதே கதைதான். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி, பின்னால் வந்த டிடிஆர்4 வகையினதோ 16.8 ஜிபி. அட்டைப் பெட்டியில் நினைவக வகையைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

லினக்ஸுக்கு என்றால் நான் கைகாட்டுவது பழைய ரேடியான் ஆர்எக்ஸ் 550. 2017இல் வந்தது. ஏஎம்டிஜிபியு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக டிரைவர் எதையும் இறக்கி நிறுவ வேண்டியதில்லை. கார்டின் மின்தேவை சுமார் 50 வாட். பிசிஐ எக்ஸ்பிரஸ் ×16 ஸ்லாட் 75 வாட் வரை கொடுக்கும். ஆகவே தனி மின் இணைப்பு கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டாம். சிறிய கேபினட் வைத்திருப்பவர்கள் லோ புரொஃபைல் பிராக்கெட் கூட வருகிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.